செவ்வரளி மட்டும் வாங்கி வா

1

எங்கள் எதிர்வீட்டில் ஓய்வுபெற்ற ஜெர்மன் பள்ளி ஆசிரியை ஒருவர் இருக்கிறார். குளிர் விட்டதும் அவர் செய்யும் முதல் வேலை, நிலவறையில் வைத்திருக்கும் இரண்டு அரளித் தொட்டிகளை மாடி முகப்புக்கு ஏற்றுவதுதான். ஒன்று சிவப்பு, மற்றது வெள்ளை. வருஷா வருஷம் என்னைக் கூப்பிட்டு எச்சரிப்பார்: "கவனம், விஷச் செடி. உங்கள் மகளைத் தொட விடாதீர்கள்." நானும் வருஷா வருஷம் என் ஓட்டை ஜெர்மனில், இந்தப் பூவை எங்கள் ஊரில் சாமிக்குப் போடுவோம் என்று பதில் சொல்வேன். அவர் எங்கள் சாமிகளைப் பற்றி என்ன நினைக்கிறாரோ தெரியாது.

இந்த ஜூலையில் அந்தத் தொட்டிகளை என்னோடு சேர்ந்து பார்க்க இன்னொருத்தி வந்திருக்கிறாள். ஹர்ஷிதா. என் பெரியப்பா மகன் மகேஷின் மகள், மைசூரில் தாவரவியல் படிக்கிறவள். இங்கே பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மாணவர்களுக்கான கோடைகாலப் படிப்புக்கு வந்திருக்கிறாள். முதல் வாரமே எட்டிப் பார்த்துவிட்டு, "அத்தே, நம்மூர் அரளி அல்வா?" என்றாள். கன்னடத்தில் 'இல்லையா' என்று அர்த்தம், தின்கிற அல்வா இல்லை. அவளுக்குத் தமிழைவிடக் கன்னடம்தான் சரளம். என் மகள் தென்றலுக்குத் தமிழைவிட ஜெர்மன்தான் சரளம். இருவரும் ஆங்கிலத்தில் பேசிக்கொள்கிறார்கள். நான் நடுவில் ரசம் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

அவள் எப்படி இங்கே வந்து சேர்ந்தாள் என்பதைத்தான் எழுதப்போகிறேன். மைசூரில் என் சொந்தக்காரர்கள் சிலர் இதைப் படித்தால் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். இத்தனை வருஷம் நான் சுளித்தது போதும்.

2

வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு ஊரிலிருந்து வரும் தொலைபேசி அழைப்புகளில் ஒரு வகை உண்டு. முதலில் குளிர் எப்படி என்று கேட்பார்கள். பிறகு அரிசி கிடைக்கிறதா என்று கேட்பார்கள். மூன்றாவது கேள்விக்குத்தான் கூப்பிட்டே இருப்பார்கள். பிப்ரவரியில் பெரியப்பா கூப்பிட்டார்.

"ஏனம்மணி, நம்ம மகேசன் புள்ள அங்க வந்து படிக்கோணும்ங்குது. கோடைக்கு மட்டும்தானாமா. எது நல்ல எடம், எது மோசமான எடம்னு எங்களுக்கென்ன தெரியும்? நீ அங்கயே கெடக்குறவ. நீயே பாத்து ஒண்ணச் சொல்லிப்போடு."

நான் கைப்பேசியைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை பார்த்துக்கொண்டேன். பேசுவது அவர்தானா என்று சந்தேகமாக இருந்தது. கோடைகாலப் படிப்புக்கு ஒரு பெண்ணை வெளிநாடு அனுப்புவது பற்றி என்னிடம், அதுவும் என்னிடம், யோசனை கேட்கிறார். நெஞ்சில் அத்தனை அழுத்தம் வேண்டும்.

"பாக்கறேனுங்க பெரியப்பா" என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? எங்கள் வீட்டில் பெரியப்பாவிடம் அந்த ஒரு வாக்கியம்தான் சொல்லிப் பழக்கம்.

3

எனக்கும் பத்தொன்பது வயது இருந்த காலம் உண்டு. மைசூரில் ஒரு கல்லூரியில் வேதியியல் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் பூர்வீகம் ஹனூர் பக்கம். அப்பாவும் பெரியப்பாவும் மைசூருக்கு வந்து தேவராஜ மார்க்கெட்டில் வாழையிலையும் வெற்றிலையும் மொத்தமாக விற்றார்கள். கடையில் பெயர் இருவருடையது, குரல் பெரியப்பாவுடையது.

ஒரு ஜெர்மன் பல்கலைக்கழகம் வெளிநாட்டு மாணவர்களுக்குக் கோடைகாலப் படிப்பு நடத்தியது. போக்குவரத்துச் செலவையும் அவர்களே ஏற்றுக்கொண்டார்கள். என் கல்லூரியிலிருந்து என்னைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. கோடையில்தான் போகிறேன் என்று எத்தனை சொல்லியும் கேட்காமல், நடைபாதையில் திபெத்தியர்களிடம் ஒரு நீலக் கம்பளிச் சட்டை வாங்கிவந்தார்.

பெரியப்பா கூடாது என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். "அம்மாகிட்ட ஒரு வாக்குக் கேட்டுப்போடலாம்" என்றார். எங்கள் பக்கத்தில் எந்தப் பெரிய காரியத்துக்கும் அம்மனிடம் பூக் கேட்பார்கள். வெள்ளைப் பூவை ஒரு வாழையிலைத் துண்டிலும் சிவப்புப் பூவை இன்னொன்றிலும் வைத்து, வெளியே தெரியாமல் நாரால் கட்டி, சந்நிதியில் போடுவார்கள். ஒரு சின்னக் குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் மறுப்பு. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கும் வழக்கம் இல்லை. அதை வேப்பமரத்தடியில் வைத்துவிட்டு வந்துவிட வேண்டும்.

பொட்டலங்களைப் பெரியப்பா கட்டினார். ஹனூர் தாண்டி எங்கள் மாரியம்மன் கோவிலுக்குப் போனோம். குழந்தை எடுத்ததில் சிவப்பு வந்தது.

எனக்கு என்ன தோன்றியதோ, "இன்னொண்ணையும் பிரிச்சுப் பாக்கலாமுங்களா?" என்று கேட்டுவிட்டேன். பெரியப்பா எல்லோர் முன்னாலும் சொன்னார்: "அம்மா வாக்கச் சோதிக்கற பொட்டப்புள்ள உருப்படாது."

எல்லோரும் பொங்கல் சாப்பிடப் போனபோது நான் வேப்பமரத்தடிக்குப் போனேன். பொட்டலத்தைப் பிரித்தேன். செவ்வரளி.

ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன். அவர் அதிர்ச்சி அடைவார், அண்ணன் சட்டையைப் பிடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அப்பா கோவில் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். "சத்தம் போடாத கண்ணு. அண்ணன் காதுல வுழும்" என்றார். வீட்டுக்கு வந்ததும் அந்த நீலச் சட்டையை மடித்துப் பீரோவுக்கு மேலே போட்டார்.

பெரியப்பா ஏன் செய்தார் என்பதில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. மகேஷ் அந்த வருஷம்தான் பி.யூ.சி.யில் இரண்டாவது தடவையாகத் தேறவில்லை. தன் பையன் போகாத ஊருக்குத் தம்பி பெண் விமானத்தில் போவதை அவரால் தாங்க முடியவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

4

'அதுதான் பிறகு ஜெர்மனிக்கே போய்விட்டாயே, இன்னும் என்ன?' என்று கேட்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வந்தேன். முப்பதைத் தாண்டி, இடுப்பில் குழந்தையோடு, கணவரின் வேலைக்குப் பின்னால் வந்தேன். பத்தொன்பதில் வந்திருந்தால் இந்த மொழி நாக்கில் ஒட்டியிருக்கும். இப்போது காதில் ஒட்டுகிறது, நாக்குக்கு வருவதில்லை. குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்கப் போனால், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெண் "என்ன சொன்னீர்கள்?" என்று இரண்டு தடவை கேட்பாள். மூன்றாவது தடவை தென்றல் எனக்காகப் பதில் சொல்லிவிடுவாள். பிறகு அவர்கள் இருவருமே பேசி முடித்துவிடுவார்கள். நான் கைப்பையைப் பிடித்தபடி பக்கத்தில் நிற்பேன். வெளியே வந்ததும் தென்றல், "அம்மா, நீ பேசாம இருந்தா சீக்கிரம் முடியும்" என்பாள். பெற்ற பிள்ளை சொல்வதுதான், ஆனாலும் சுருக்கென்று இருக்கும். அப்படி ஒவ்வொரு தடவை நிற்கும்போதும் நான் பெரியப்பாவை நினைத்துக்கொள்வேன். சாமி கும்பிடும்போதுகூட அத்தனை தவறாமல் யாரையும் நினைத்ததில்லை.

ஆகவே பிப்ரவரியில் அவர் கேட்டபோது எனக்குள் எழுந்தது உதவும் எண்ணம் இல்லை. நல்ல சந்தர்ப்பம் என்றுதான் தோன்றியது.

இந்தக் கோடைகாலப் படிப்புகளில் எல்லாமும் படிப்பு இல்லை. நான் பல்கலைக்கழக ஆய்வகம் ஒன்றில் வேலை செய்கிறேன், வருஷா வருஷம் பார்க்கிறேன். சிலவற்றில் கோட்டை முன்னால் சிரிக்கும் மாணவர்கள் படம் பளபளவென்று இருக்கும். உள்ளே போய்ப் பார்த்தால் காலையில் கொஞ்சம் உரை, பிறகெல்லாம் படகுச் சவாரி. கடைசி நாளில் ஒரு சான்றிதழ் கொடுப்பார்கள். ஊர்க் கல்லூரியில் அதைக் காட்டினால் சுவரில் மாட்டிக்கொள்ளச் சொல்வார்கள். நல்ல படிப்பை வேறு விதமாகக் கண்டுபிடிக்க வேண்டும். அங்கே வாங்கும் மதிப்பெண்ணை உங்கள் கல்லூரி எழுத்தில் ஏற்றுக்கொள்கிறதா? பாடம் நடத்துகிறவர் அந்தப் பல்கலைக்கழகத்து ஆசிரியர்தானா, வாடகைக்கு வந்தவரா? வகுப்பில் உள்ளூர் மாணவர்களும் உட்காருகிறார்களா? தங்கும் அறை படிப்போடு சேர்ந்ததா, நீங்களே தேட வேண்டுமா? விசாவுக்கு நாள் கிடைப்பதற்குள் சேர்க்கைக் கடிதம் கைக்கு வந்துவிடுமா? இவற்றைக் கேட்காமல் படத்தைப் பார்த்து மயங்கியவர்கள் பலரை விமான நிலையத்தில் வரவேற்றிருக்கிறேன்.

இவ்வளவும் தெரிந்த நான், வேண்டுமென்றே ஒரு படகுச் சவாரிப் படிப்பைப் பொறுக்கி ஹர்ஷிதாவுக்கு அனுப்பினேன். பேத்தி வெறும் படங்களோடு திரும்பி வரட்டும், தாத்தா மார்க்கெட் முழுக்கச் சொல்லிவைத்து அசிங்கப்படட்டும் என்று நினைத்தேன். மறுநாளே அவள் கூப்பிட்டாள்.

"அத்தே, இதுல லேப் எங்க இருக்கு? டூர்தான் ஜாஸ்தி இருக்கல்வா? எனக்கு எலை நோய் படிக்கணும். நம்ம வெத்தலக் கொடிக்கு அழுகல் வருதே, அது ஏன் வருதுன்னு நம்ம மார்க்கெட்ல யாருக்குமே சரியாத் தெரியல. இங்க எங்க காலேஜ்ல மைக்ராஸ்கோப் கண்ணாடி வளையலாட்டம், தொடவே விடமாட்டாங்க."

இந்தப் பெண் என் பெரியப்பாவின் பேத்தி மாதிரியே பேசவில்லை. என் மாதிரிப் பேசினாள். அன்று மாலையே உட்கார்ந்து சரியானதைத் தேடினேன். எங்கள் பல்கலைக்கழகத்திலேயே தாவர நோய்கள் பற்றிய கோடைப் படிப்பு இருந்தது. நாள் முழுக்க ஆய்வகம். மதிப்பெண்ணை ஏற்கிறோம் என்று அவள் கல்லூரியிடமும் எழுதி வாங்கவைத்தேன். இடம் கிடைத்துவிட்டது. ஏப்ரல் கடைசிக்குள் வருகிறேன் என்று உறுதி சொல்ல வேண்டும், இல்லையென்றால் காத்திருக்கும் அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள்.

அந்த ஏப்ரலில் ஈஸ்டர் விடுமுறைக்குத் தென்றலோடு மைசூர் போனேன்.

5

போய் இறங்கிய மறுநாள் பெரியப்பா என்னை முன்கூடத்தில் உட்காரவைத்தார். எண்பது தாண்டிவிட்டது, கையில் தடி, குரல் மட்டும் அப்படியே இருந்தது. மகேஷும் அவன் மனைவியும் பெண்ணை அனுப்பச் சம்மதித்தாயிற்று. ஹர்ஷிதா பெட்டியைக்கூட எடுத்து வைத்துவிட்டாள்.

"எல்லாம் சரிதான் அம்மணி. ஆனா சாமராஜநகர்ல இருந்து ஒரு எடம் கேட்டு வந்துருக்குது. நல்ல பண்ணயம், நல்ல சனம். புள்ள வெளிநாடு போவுதுன்னா அவங்க ரோசன பண்ணுவாங்க. நான் வேண்டாங்கல. அம்மாகிட்ட ஒரு வாக்குக் கேட்டுப்போடலாம்."

அதே வாக்கியம். ஒரு எழுத்து மாறவில்லை. மகேஷ் தலையைச் சொறிந்துகொண்டு, "அப்பா சொன்னாச் சரிதான், கேட்டுட்டே போலாம்" என்றான். கதவோரம் நின்ற ஹர்ஷிதா என்னைப் பார்த்தாள். அத்தை ஏதாவது சொல்லுவாள் என்ற பார்வை. நான் சொன்னது, "சரிங்க பெரியப்பா."

வெள்ளிக்கிழமை காலையில் என்னை மார்க்கெட்டுக்கு அனுப்பினார். "செவ்வரளி மட்டும் வாங்கியாந்துரு. வெள்ளை நம்மூட்டுச் செடியிலயே இருக்குது."

வாசலில் நின்று பார்த்தேன். வெள்ளைப் பூப் பூக்கும் நந்தியாவட்டைச் செடி இருந்த இடத்தில் சிமெண்ட் போட்டு மகேஷின் கார் நின்றது. செடியை எப்போதோ வெட்டியிருக்கிறார்கள். மார்க்கெட்டில் பூக்காரம்மாவிடம் செவ்வரளியும் வாங்கினேன், வெள்ளை அரளியும் வாங்கினேன். வெள்ளையைக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். எங்கள் பழைய கடைக்குப் போய் ஒரு வாழையிலையும் கொஞ்சம் நாரும் கேட்டேன்.

பெரியப்பா பூஜை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு பொட்டலம் கட்டினார். தட்டில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். வெந்நீர் போட்டுக் குளிக்கிற மனுஷர், சீக்கிரம் வரமாட்டார். நான் உள்ளே போய் இரண்டையும் பிரித்தேன். செவ்வரளி. செவ்வரளி.

கத்தலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் கத்தினால் மகேஷ் என்ன சொல்வான் என்று எனக்குத் தெரியும். சத்தம் போடாதே, காதில் விழும் என்று என் அப்பா சொன்னதையே சொல்வான். இந்த வீட்டு ஆண்களுக்கு அந்தக் காது விஷயத்தில் அத்தனை அக்கறை.

ஒன்றில் வெள்ளை, ஒன்றில் சிவப்பு என்று நியாயமாகக் கட்டியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். அன்றைக்கு அம்மன் பார்த்துக்கொண்டு சும்மாதானே இருந்தாள்? அவளிடம் மறுபடியும் விடுவதாக இல்லை. இரண்டிலும் வெள்ளையை வைத்தேன்.

திரும்பிப் பார்த்தால் தென்றல் நிற்கிறாள். என் பழைய கதை முழுவதையும் விமானத்தில் வரும்போதே அவளுக்குச் சொல்லியிருந்தேன்.

"அம்மா, ரெண்டும் வெள்ளையா? இது ஏமாத்துறது. நீதான பொய் சொல்லக் கூடாதுன்னு சொன்ன?"

"ஆமா, சொன்னேன். அந்த நாரை எடு."

அவள் நாரை எடுத்துக் கொடுத்தாள். முடிச்சுப் போடும்போது விரலையும் வைத்து அழுத்திப் பிடித்தாள். ஜெர்மனி வந்த பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்து செய்த வேலைகளில் அத்தனை ஒற்றுமையாகச் செய்தது வேறு இல்லை. இலைக் கடைக்காரர் மகள் நான் கட்டிய பொட்டலம், பெரியப்பா கட்டியதற்கும் இதற்கும் வித்தியாசம் அவருக்கே தெரியாது.

6

கொள்ளேகால் வழியாக ஹனூர் போகும் பாதை முழுக்கப் பெரியப்பா நல்ல உற்சாகத்தில் இருந்தார். சாமராஜநகர்ச் சம்பந்தி வீட்டுப் பம்புசெட் வரைக்கும் விவரித்தார். ஹர்ஷிதா ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள். அவள் அழுகிறாளா என்று நான் பார்க்கவில்லை. பார்த்தால் காதில் சொல்லிவிடுவேன் என்று பயம்.

கோவிலில் பூசாரி பொட்டலங்களை வாங்கி அம்மன் காலடியில் போட்டுக் கும்பிட்டார். அவருடைய சின்ன மகளைக் கூப்பிட்டு, "ஒண்ண எடு சாமி" என்றார். குழந்தை ஒன்றை எடுத்தது. பூசாரி நாரை அறுத்தார்.

"வெள்ளைங்க! அம்மா உத்தரவு குடுத்துட்டா!"

மகேஷின் மனைவி குலவை போட்டாள். ஹர்ஷிதா தென்றலைக் கட்டிக்கொண்டாள். நான் அம்மனைப் பார்க்கவில்லை. பெரியப்பாவைப் பார்த்தேன். இந்த முகத்தைப் பார்க்கத்தானே இத்தனை வருஷம் காத்திருந்தேன்?

அவர் முகத்தில் முதலில் ஒன்றுமே இல்லை. பிறகு அவர் கண் பூசாரி கையில் இருந்த பூவுக்குப் போனது, கீழே கிடந்த மற்றப் பொட்டலத்துக்குப் போனது, அப்புறம் மெதுவாக ஒவ்வொரு முகமாக வந்து என் முகத்தில் நின்றது. வாயைத் திறந்தார். என்ன சொல்ல முடியும்? நான் இரண்டிலும் சிவப்புத்தானே வைத்தேன், வெள்ளை எப்படி வந்தது என்றா?

நான் கொஞ்சம் உரக்கவே கேட்டேன். "இன்னொண்ணையும் பிரிச்சுப் பாத்துரலாமுங்களா பெரியப்பா?"

எல்லோரும் திரும்பினார்கள். கட்டியது அவர் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். பிரித்தால் உள்ளே என்ன இருந்தாலும், அது அவர் வைத்ததாகத்தான் ஆகும்.

"வேண்டாம்" என்றார். "அம்மா வாக்கச் சோதிக்கக் கூடாது."

அன்றைக்கு இதே இடத்தில் இதைச் சொன்னபோது கோவில் மணி மாதிரி ஒலித்தது. இன்றைக்குப் பூசாரிக்கே கேட்கவில்லை. "என்னுங்க?" என்று இரண்டு தடவை கேட்டார். குடியிருப்பு அலுவலகத்துக் கண்ணாடி எனக்கு ஞாபகம் வந்தது. மனது குளிர்ந்துபோனது என்று எழுதுவதற்கு எனக்குக் கொஞ்சமும் வெட்கம் இல்லை.

மற்றப் பொட்டலத்தை நானே எடுத்துக்கொண்டு போய் வேப்பமரத்தடியில் வைத்தேன்.

பொங்கல் பரிமாறினார்கள். நான் இலை முன்னால் உட்கார்ந்தாலும் கண் மரத்தடியிலேயே இருந்தது. நினைத்தபடியே அவர் வந்தார். தடியை ஊன்றி ஊன்றி, யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தார். குனிய முடியவில்லை. மரத்தைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். நாரை அவிழ்க்க வெகுநேரம் பிடித்தது. நான் இலையை மூடாமல் எழுந்து போய்ப் பக்கத்தில் நின்றேன். வெள்ளை அரளி அவர் உள்ளங்கையில் கிடந்தது.

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "உனக்கு எப்பத் தெரியும் அம்மணி?"

"அன்னைக்கேங்க பெரியப்பா. இதே மரத்தடியிலதானுங்க."

காற்றில் வேப்பம்பூ உதிர்ந்துகொண்டிருந்தது. அவர் மன்னிப்புக் கேட்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை, அவரும் கேட்கவில்லை. கையை நீட்டினார்.

"எந்திரிக்க முடியல. கையப் புடிச்சுத் தூக்கிவுடு கண்ணு."

நீட்டிய கையைப் பார்த்தேன். பொட்டலங்களைக் கட்டிய கை அதுதான்.

"மகேஷை வரச் சொல்றேனுங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தேன்.

சொல்லவும் சொன்னேன். இலையில் மிச்சமிருந்த பொங்கலைச் சாப்பிட்டு, இன்னொரு கரண்டி வாங்கிச் சாப்பிட்டு, கை கழுவிய பிறகு.